வீட்ல மேப் டைல் பிரிண்ட் போடுறப்போ எங்கெல்லாம் சொதப்புது

டேபிள்டாப் ஆர்பிஜிக்கு (மேசைய சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கேரக்டரா ஆடுற கதை விளையாட்டு) மேப் டைல், அதாவது சேத்து சேத்து அடுக்குற கட்டம் போட்ட தரைப்பட அட்டை, பண்றதுல பாதி சொதப்பல் கட்டர கையில எடுக்கறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிடும், பிரிண்ட் செட்டிங்ல. அங்க "ஃபிட் டு பேஜ்" தானாவே டிக் ஆகியிருக்கும், அப்படியே ஓகே குடுத்தா 1 இன்ச் கட்டம் 1 இன்ச்சா வராது. 8.5 இன்ச் அகல லெட்டர் சைஸுக்கு பண்ணின பிடிஎஃப்ப ஏ4ல அடிச்சா கிட்டத்தட்ட 3 சதவீதமாவது சுருங்கும், ஒரு கட்டத்துல பாத்தா கண்ணுக்கே தெரியாது, ஆனா 10 கட்டத்துல 7 மிமீ கிட்டயாவது குறைஞ்சிடும், வேற ஃபைல்ல இருந்து அடிச்ச டைல பக்கத்துல வெச்சா கோடு கோடோட சேராது. "ஆக்சுவல் சைஸ்"னு மாத்தி ஒரே ஒரு பக்கம் டிராஃப்ட்ல (மை கம்மியா செலவாகுற மோட்) அடிச்சு ஸ்கேல் வெச்சு 5 கட்டம் சேத்து அளங்க, 127 மிமீ வரணும். ஒரு கட்டத்த மட்டும் அளந்தா தப்பு சிக்காது.

நீங்களே டிசைன் பண்றீங்கன்னா ஏ4 அகலத்துல 8 கட்டம் திணிக்காதீங்க, ரெண்டு பக்கமும் 3 மிமீ சொச்சம்தான் மிஞ்சும், நிறைய பிரிண்டர் அந்த ஓரத்துல மை வைக்காது. என்னை கேட்டா 6க்கு 6 தான் பெஸ்ட், எப்படி திருப்பினாலும் பொருந்தும். ஓரக்கோட்ட மட்டும் பாதி தடிமன்ல போடுங்க, இல்லன்னா ரெண்டு டைல் சேர்ற இடத்துல கோடு டபுளா தடிச்சு தெரியும். ஆன்லைன் கேமுக்குன்னு கட்டத்துக்கு 70 பிக்சல்ல பண்ணின மேப்ப அடிச்சா மங்கலாத்தான் வரும், 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) வேணும்னா கட்டத்துக்கு 300 பிக்சல்.

இருட்டு குகை மேப் ஸ்க்ரீன்ல செமையா இருக்கும், பேப்பர்ல வெறும் கருப்பு சேறு. பிரைட்னஸ நல்லா ஏத்திட்டு அடிங்க, மையும் மிச்சம், 80 ஜிஎஸ்எம் பேப்பரும் (சாதாரண பிரிண்ட் பேப்பர்) மை ஈரத்துல நெளியாது.

வெட்டிட்டு அட்டையில ஒட்டாதீங்க, ஒட்டிட்டு ரெண்டையும் சேத்து வெட்டுங்க. தண்ணி கலந்த பசைன்னா அட்டை வளைஞ்சுக்கும், க்ளூ ஸ்டிக் பரவால்ல, பின்பக்கமும் ஒரு பேப்பர் ஒட்டினா இழுவை சமமாகிடும் (அதுலயும் ஒரு மேப் அடிச்சா ஒரு டைல்ல ரெண்டு தரை). ஒரே அழுத்துல வெட்டி முடிக்கணும்னு பாக்காதீங்க, ஸ்டீல் ஸ்கேல் வெச்சு லேசா நாலஞ்சு தடவ இழுங்க.

அப்புறம் கதவு, பெட்டி, பொறியெல்லாம் தரையோட சேத்து பிரிண்ட் பண்ணாம தனித்தனி துண்டா வெட்டி வெச்சுக்கங்க, இல்லன்னா டைல மேசையில வெச்ச உடனே எல்லாரும் அந்த பொறிய சுத்தித்தான் நடப்பாங்க.