சுருண்ட போர்வையை நேராக்கிய விதம்

அக்காவின் பிள்ளைக்காக நான் பருத்தி நூலில் பின்னிய போர்வையை முடித்து ஊசியிலிருந்து இறக்கியதும், நாலு ஓரமும் பாய் போலச் சுருண்டுகொண்டது. ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (அதையே திருப்பிப் போடும் பின்னல்) என்று மாற்றிப் பின்னும் துணியின் குணமே அதுதான், இரண்டு முகத்திலும் இழுப்பு ஒன்றாக இருக்காது. நனைத்து, குண்டூசி குத்திக் காயவைத்தால் ஓரளவு படியும். ஆனால் கடலோர ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதில் அலசினால் நூல் விறைத்துப்போகும். குடிக்க வாங்கிய தண்ணீரில் ஒரு குடம் எடுத்தேன் (அம்மாவுக்குக் கோபம்தான்), ஈரக் கடற்காற்றில் போடாமல் வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில் விரித்தேன். நடுப்பகுதி அருமையாகப் படிந்தது, ஓரம் மட்டும் மறுபடி சுருண்டது.

அப்புறம் கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியால் ஓரத்தில் கண்ணி (நூல் வளையம்) எடுத்து, பக்கவாட்டில் நாலு வரிசைக்கு மூன்று கண்ணி என்ற கணக்கில், இரண்டு பக்கமும் நிட்டாகவே போட்டு இரண்டு விரல் அகலத்துக்குக் கரை கட்டினேன். மூலைகளில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை இரண்டு கண்ணி கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூலை உள்ளே இழுக்கும். நூல் நுனிகளைக் கரைக்குள் செருகிவிட்டேன். இப்போது தரையில் தட்டையாகக் கிடக்கிறது, பார்க்கப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். அடுத்த போர்வையைக் கரையோடுதான் தொடங்கப்போகிறேன்.