கேமரா மெமரி கார்டைப் படிக்கவில்லையா? அவசரப்பட்டுச் செய்யக்கூடாதவை

தாலி கட்டி முடிந்த கையோடு கேமரா திரையில் “கார்டைப் படிக்க முடியவில்லை” என்று வந்து நின்றால், எவ்வளவு அனுபவம் உள்ளவருக்கும் உள்ளுக்குள் பதறும். ஆனால் படங்கள் பெரும்பாலும் கார்டு கெட்டதால் போவதில்லை. பதற்றத்தில் அடுத்த அரை மணி நேரத்துக்குள் நாம் செய்கிற காரியங்களால்தான் போகின்றன. கல்யாண ஆர்டர் எடுப்பவர்கள், குழந்தையின் முதல் பிறந்தநாளை எடுத்த அப்பா அம்மா, கல்லூரிச் சுற்றுலா போய் வந்த பையன்கள் என்று யாராக இருந்தாலும் செய்கிற தவறுகள் ஏறக்குறைய ஒன்றேதான்.

எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். இந்தக் கார்டில் எனக்கு வேண்டிய படம் இருக்கிறதா? இல்லை என்றால் துடைக்கலாம், ஃபார்மட் செய்யலாம், என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். இருக்கிறது என்றால் வரிசை மாறிவிடும். முதலில் படத்தைக் காப்பாற்ற வேண்டும், கார்டைச் சரிசெய்வதெல்லாம் அப்புறம்.

ஃபார்மட் செய்யச் சொன்னதும் செய்துவிடுவது

கெனான் கேமரா, கார்டை அணுக முடியாதபோது “மறுபடி செருகவும், மாற்றவும், அல்லது கேமராவில் ஃபார்மட் செய்யவும்” என்ற பொருளில் ஒரு வாசகம் காட்டும். நிக்கான் டிஎஸ்எல்ஆர்களில் மேல் பக்கத்துச் சின்னத் திரையில் “ஃபார்” என்ற ஆங்கில எழுத்துகள் மின்னும். விண்டோஸில் செருகினால் “இந்த டிரைவைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்” என்று பெட்டி திறக்கும். இந்த மூன்றும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: கார்டின் கோப்புப் பட்டியல் (எந்தப் படம் கார்டில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு) எனக்குப் புரியவில்லை. உள்ளே கல்யாணப் படம் இருப்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. அதனால்தான் காலி கார்டிடம் கேட்பதுபோலக் கேட்கிறது. “கேன்சல்” கொடுத்துவிட்டு கார்டை வெளியே எடுங்கள்.

ஏற்கெனவே ஃபார்மட் செய்துவிட்டீர்களா? அப்படியும் நம்பிக்கை இழக்க வேண்டாம். சாதாரண ஃபார்மட் அந்தப் பட்டியலை மட்டும்தான் புதிதாக எழுதும். தாலுகா ஆபீஸ் பதிவேடு தொலைந்துபோனால் ஊரில் வீடுகள் இடிந்துவிடாது. படங்களும் அப்படித்தான், கார்டில் இருந்த இடத்திலேயே பெரும்பாலும் இருக்கும். ஆனால் கெனான் மெனுவில் “லோ லெவல் ஃபார்மட்” என்று ஒரு கட்டம் உண்டு. அதை டிக் செய்து ஃபார்மட் கொடுத்தால் கார்டு முழுவதும் துடைக்கப்படும், மீட்க எதுவும் மிஞ்சாது. வேண்டிய படம் உள்ள கார்டில் அந்தக் கட்டத்தின் பக்கமே போகாதீர்கள்.

“ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்” கொடுப்பது

கார்டில் கோளாறு என்று விண்டோஸ் சந்தேகித்தால் காட்டும் இந்தத் தேர்வு ஃபார்மட்டைவிட ஏமாற்றக்கூடியது, ஏனென்றால் பெயரிலேயே சரிசெய்வேன் என்று இருக்கிறது. இதற்கான நிரல்கள், விண்டோஸின் செக்டிஸ்க் ஆகட்டும், மேக்கின் ஃபர்ஸ்ட் எய்ட் ஆகட்டும், அவற்றின் அக்கறை கோப்புப் பட்டியலை ஒழுங்காக்குவதில்தான். உங்கள் படத்தைப் பற்றி அவற்றுக்குக் கவலை இல்லை. பட்டியலோடு பொருந்தாத துண்டுகளை “ஃபவுண்ட்.000” என்ற ஃபோல்டரில் பெயரில்லாத கோப்புகளாகத் தள்ளிவிடும், சிலவற்றை வெட்டிவிடும். இது எல்லாமே அதே கார்டின் மேல்தான் எழுதப்படுகிறது. ஒருமுறை எழுதிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 32 ஜிபி வரையிலான கார்டுகளில் கோப்புகளை அடுக்கிவைக்கப் பயன்படும் ஃபேட்32 முறையில் பட்டியலுக்கு இரண்டு பிரதிகள் இருக்கும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகளில் எக்ஸ்ஃபேட் முறை. அதில் வழக்கமாக ஒரே பிரதிதான். இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது 64, 128 ஜிபி கார்டுகள். அந்த ஒரு பட்டியலில் கைவைக்கும்போது எவ்வளவு கவனம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே கார்டில் தொடர்ந்து எடுப்பது

கேமராவை அணைத்துப் போட்டதும் கார்டு வேலை செய்கிறது, சரி, ஓடுகிறவரை ஓடட்டும் என்று தொடர்ந்து எடுக்கிறோம். பட்டியல் பழுதான கார்டில் எந்த இடம் காலி, எந்த இடத்தில் படம் இருக்கிறது என்பது கேமராவுக்குத் தெரியாது. புதிதாக எடுக்கும் ஒவ்வொரு படமும் பழைய படத்தின் மேல் உட்காரலாம். கார்டை மாற்றுங்கள். பழையதைத் தனியாக ஒரு உறையில் போட்டு, மேலே தேதி எழுதிப் பையில் வையுங்கள். சட்டைப் பையில் மற்ற கார்டுகளோடு போட்டுவைத்தால், அவசரத்தில் அதையே மறுபடி செருகி ஃபார்மட் செய்துவிடுவோம்.

கார்டின் மேலேயே பழி போடுவது

கோளாறு கார்டில்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் கார்டைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, படத்துக்கும் ஆபத்து இல்லை.

எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தாழ் இருக்கிறது அல்லவா, அதைப் பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தாழுக்கும் கார்டுக்கு உள்ளே இருக்கும் மின்சுற்றுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது வெறும் பிளாஸ்டிக். தாழ் எங்கே நிற்கிறது என்பதைக் கேமராவின் ஸ்லாட்டில் உள்ள சின்ன ஸ்விட்ச் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. நாளாவட்டத்தில் தாழ் தளர்ந்து, செருகும்போதே உரசிக் கீழே இறங்கிவிடும். கேமரா “லாக் ஆகியிருக்கிறது” என்று சொல்லும். தாழ் உடைந்து விழுந்துவிட்டாலும் லாக் ஆன கார்டாகவே கேமரா எடுத்துக்கொள்ளும். அந்தப் பள்ளத்தின் மேல் மெல்லிய செலோ டேப்பைச் சின்னதாக ஒட்டினால் கார்டு மறுபடி எழுதும். அன்றைய நிகழ்ச்சியை முடிக்க அது போதும். ஆனால் டேப் ஸ்லாட்டுக்குள் உரிந்து மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு, அதனால் நிரந்தரமாக அப்படியே ஓட்டாதீர்கள்.

மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் போட்டுப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் முதல் சந்தேகம் அடாப்டரின் மேல்தான் வர வேண்டும். வேறு அடாப்டர் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். காம்பாக்ட் ஃப்ளாஷ் என்ற அகலமான கார்டு போடும் பழைய கேமரா என்றால் ஸ்லாட்டின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே 50 ஊசி முனைகள் வரிசையாக நிற்கும், ஒன்று சாய்ந்திருந்தாலும் கார்டு ஏறாது. கார்டு இறுக்கமாகப் போகிறதே என்று அழுத்தினால் கோளாறு கேமராவுக்கு இடம் மாறிவிடும்.

அப்புறம் கார்டின் தலைமுறை. எஸ்டி, எஸ்டிஎச்சி, எஸ்டிஎக்ஸ்சி மூன்றும் பார்க்க ஒரே அளவு, ஒரே ஸ்லாட்டில் உட்காரும். ஆனால் முதல் வகை 2 ஜிபி வரை, 2006-இல் வந்த எஸ்டிஎச்சி 32 ஜிபி வரை, 2009-இல் அறிவிக்கப்பட்ட எஸ்டிஎக்ஸ்சி அதற்கு மேல் 2 டிபி வரை. புதிய கேமரா பழைய கார்டைப் படிக்கும், பழைய கேமரா புதிய கார்டைப் படிக்காது. கெனான் 450டி எஸ்டிஎச்சி வரைக்கும்தான், 550டியில்தான் எஸ்டிஎக்ஸ்சி வந்தது. அண்ணனின் பழைய கேமராவை வாங்கி 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டு “டூப்ளிகேட் கார்டு கொடுத்துவிட்டான்” என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதில் நியாயமில்லை. இதே சிக்கல் பழைய கார்டு ரீடரிலும் வரும். அதனால் ஒரு ரீடர் படிக்கவில்லை என்றால், வேறு ரீடர், வேறு கணினி என்று இரண்டு இடங்களிலாவது பாருங்கள். முதலில் கார்டின் தாழை லாக் பக்கம் தள்ளிவிட்டுச் செருகுவது நல்லது. பெரும்பாலான ரீடர்கள் அதை மதித்து எதையும் எழுதாமல் இருக்கும்.

வாயால் ஊதித் துடைப்பது

கார்டின் பின்புறப் பொன்னிறப் பட்டைகளில் விரல் பிசுக்கும் வியர்வையும் படிந்தால் தொடர்பு விட்டுப்போகும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் கூடுதலாகப் போகும். உப்புத்தாள், கத்தி முனை எதுவும் கூடாது. பொன் பூச்சு மிக மெல்லியது, ஒருமுறை உரிந்தால் கீழே உள்ள உலோகம் கறுக்க ஆரம்பிக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை பஞ்சுக் குச்சியில் லேசாகத் தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் செருகுங்கள். ஸ்லாட்டுக்குள் திரவம் எதுவும் வேண்டாம், ரப்பர் பல்ப் ஊதி போதும்.

கணினியிலும் ஃபோனிலும் கார்டைக் கலைப்பது

கேமரா கார்டு முழுவதையும் துழாவிப் படம் தேடுவதில்லை. “டிசிஐஎம்” ஃபோல்டருக்குள், தனக்குப் பழக்கமான பெயர் முறையில் இருப்பதை மட்டும் காட்டும். கணினியில் போட்டுக் கோப்புக்கு “அக்கா கல்யாணம்” என்று பெயர் மாற்றினாலோ ஃபோல்டரை இடம் மாற்றினாலோ, கேமராவில் “படம் எதுவும் இல்லை” என்று வரும். படம் பத்திரமாகத்தான் இருக்கிறது, கணினியில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

சோனி கேமராவில் வீடியோ எடுப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. அதன் எக்ஸ்ஏவிசி வகை வீடியோக்கள் டிசிஐஎம்-இல் இருக்காது. “பிரைவேட்” என்ற ஃபோல்டருக்குள் “எம்4ரூட்” என்பதற்குள் இருக்கும். டிசிஐஎம்-ஐ மட்டும் காப்பி செய்து கார்டை ஃபார்மட் செய்தால் முகூர்த்த வீடியோ முழுவதும் போய்விடும். எப்போதும் கார்டில் உள்ள அத்தனையையும் அப்படியே காப்பி செய்வதுதான் பாதுகாப்பு.

ஃபோனில் இருந்த மைக்ரோ எஸ்டியைக் கேமராவுக்கு மாற்றும்போது இன்னொன்று. ஆண்ட்ராய்டு 6-இலிருந்து கார்டை ஃபோனின் உள் நினைவகமாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு. அப்படிச் சேர்த்த கார்டு பூட்டுக்குறியீடு போட்டு எழுதப்படும், அந்த ஃபோனைத் தவிர வேறு எதிலும் படிக்காது. அதில் பழைய படங்கள் இருந்தால் ஃபோனை ரீசெட் செய்வதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ரீசெட் செய்தால் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவியும் சேர்ந்து அழிந்துவிடும்.

மீட்ட படத்தை அதே கார்டில் சேமிப்பது

எந்த ரீடரிலும் படம் தெரியவில்லை என்றால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து கார்டு அதன் சரியான கொள்ளளவோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் வீட்டிலேயே முயலலாம். பூஜ்யம் என்று காட்டினாலோ, கார்டே தெரியாவிட்டாலோ, தொட்டால் சுட்டாலோ கோளாறு உள் சில்லில் இருக்கிறது. உடனே வெளியே எடுத்துவிட்டு, மறுபடி மறுபடி செருகாமல் டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுங்கள். மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டிய பிறகுதான் பணம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

வீட்டில் முயல்பவர்கள் முதலில் கார்டு முழுவதையும் ஒரே கோப்பாக ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் இதற்கான மென்பொருள் டிடிரெஸ்க்யூ, விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர். டிஸ்க் இமேஜரில் “ரீட்” பட்டனைத்தான் அழுத்த வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் “ரைட்” பட்டனை அழுத்தினால் கதை முடிந்தது. பிறகு அந்த நகலின் மேல் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். அது கோப்புப் பட்டியலை நம்புவதே இல்லை. ஒவ்வொரு ஜேபெக் படமும் ஒரே மாதிரியான பைட்டுகளில் தொடங்கும், அந்த அடையாளத்தைத் தேடித் தேடிப் படத்தைப் பிரித்தெடுக்கும். பெயரும் ஃபோல்டரும் திரும்ப வராது, படம் வரும். எங்கே சேமிக்க என்று கேட்கும்போது அதே கார்டைக் காட்டிவிடாதீர்கள். காட்டினால் மீட்கும் படமே மீட்க வேண்டிய படத்தை அழிக்கும்.

வீடியோவுக்கு இது அவ்வளவு எளிதாக நடக்காது. கோப்பு துண்டு துண்டாகக் கிடக்கலாம். ரெக்கார்டிங் நடக்கும்போதே பேட்டரி போயிருந்தால், வீடியோவைத் திறக்கத் தேவையான, எம்பி4 கோப்பின் கடைசியில் எழுத வேண்டிய குறிப்பே இருக்காது. அதைச் சரிசெய்யும் மென்பொருள்கள் அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரிக்குக் கேட்கும். ஒன்றை எடுத்து வைத்திருங்கள்.

பிழைத்த கார்டை நம்புவது

படத்தை எடுத்தாகிவிட்டது. இனி கேமராவிலேயே ஃபார்மட் செய்யலாம், அல்லது எஸ்டி கார்டுகளுக்குத் தரம் வகுக்கும் எஸ்டி அசோசியேஷன் இலவசமாகத் தரும் ஃபார்மட்டரைப் பயன்படுத்தலாம். அதன் பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 மென்பொருளால் கார்டு முழுவதும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 128 ஜிபி என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி மட்டுமே இருக்கும் போலிக் கார்டுகளும் இதில் மாட்டிக்கொள்ளும். அவை முதலில் நன்றாகத்தான் ஓடும், உண்மையான அளவு தாண்டிய பிறகு எடுக்கும் படங்கள்தான் திறக்காது. அழித்த படங்கள் மறுபடி செருகியதும் அப்படியே திரும்பி வருகின்றன என்றால், கார்டு இனி எதையும் எழுத மறுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அதற்கு மருந்து இல்லை.

சோதனையில் தேறினாலும் அந்தக் கார்டைக் கல்யாண ஆர்டருக்குக் கொண்டுபோகாதீர்கள். கார்டில் எழுதும்போது எரியும் சின்ன விளக்கு அணைவதற்கு முன் கதவைத் திறந்ததுதான் காரணம் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் விதிவிலக்கு. இரண்டு ஸ்லாட் உள்ள கேமரா வைத்திருப்பவர்கள் இன்றைக்கே மெனுவைத் திறந்து பாருங்கள். இரண்டாவது ஸ்லாட் பெரும்பாலும் “முதல் கார்டு நிறைந்ததும் அடுத்தது” என்ற நிலையில் கிடக்கும். நிக்கானில் அதை “பேக்கப்” என்று மாற்றினால் ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் விழும். கெனானிலும் சோனியிலும் இதே வசதி வேறு பெயரில் இருக்கிறது.