பெர்க்ஹோஃப் வீட்டுக்குள் கேமரா: சர்வாதிகாரியின் அந்தரங்கத்தைப் படமாக்குவது எப்படி

ஹிட்லர் நாயைத் தடவிக்கொடுப்பது, குழந்தையின் கையைப் பிடித்து நடப்பது, மலையைப் பார்த்துத் தனியே நிற்பது: இந்தக் காட்சிகளையெல்லாம் முதலில் உருவாக்கி விற்றவர் அவருடைய சொந்தப் புகைப்படக்காரர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன். 1932இல், ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, 'யாரும் அறியாத' மனிதரைக் காட்டுவதாகச் சொல்லி அவர் வெளியிட்ட புகைப்பட நூல் ஏராளமாக விற்றது. அந்த அந்தரங்கமே ஒரு பிரச்சாரச் சரக்கு. 'அவரும் மனிதர்தானே' என்று காட்டப் புறப்படும் இயக்குநர், தெரியாமலே ஹாஃப்மனின் வேலையைத் தொடர்கிறார்.

அதனால் கேமராவை வேறு பக்கம் திருப்ப வேண்டும். அந்த வீட்டின் அமைதியைக் கட்டிக்காக்க யார் யார் என்னென்ன செய்தார்கள், எதையெல்லாம் விழுங்கிக்கொண்டார்கள் என்பதுதான் படத்தின் கதை. இந்த வழிகாட்டி ஜெர்மனியின் பவேரிய மலைப்பகுதியான ஓபர்ஸால்ஸ்பெர்க்கில் இருந்த ஹிட்லரின் மலைவீடான பெர்க்ஹோஃபை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

முதல் வேலை, தேதியை முடிவு செய்வது

'முப்பதுகளின் இறுதி' என்று திரைக்கதையில் எழுதினால் ஆடை, ஒலி, உரையாடல் எல்லாமே தப்பாகும். ஒரு குறிப்பிட்ட நாளையும் அடுத்த நாளையும் தேர்ந்தெடுங்கள். போருக்கு முன் ஹிட்லர் இந்த வீட்டில் சாதாரண கோட்டு சூட்டில் இருப்பார். இரவு உணவுக்குப் பின் பெரிய கூடத்தில் திரைப்படம் ஓடும். 1939 செப்டம்பருக்குப் பிறகு ராணுவ மேல்சட்டைதான். திரைப்படம் நின்றுபோய் கிராமஃபோன் இசைத்தட்டு வந்துவிடும். 1942இல் நடக்கும் காட்சியில் அவருக்கு ட்வீட் கோட்டு போட்டுவிட்டால், விஷயம் தெரிந்தவர்கள் அந்த இடத்திலேயே படத்தை விட்டு வெளியே வந்துவிடுவார்கள்.

நாளைத் தேர்வு செய்யும்போது, வீட்டு வாழ்க்கையும் அரசியலும் ஒரே அறையில் முட்டிக்கொள்ளும் நாளாகப் பாருங்கள். 1938 பிப்ரவரி 12 அப்படிப்பட்டது. ஆஸ்திரியாவின் சான்சலர் ஷுஷ்னிக் அன்று இங்கே அழைக்கப்பட்டார். ஹிட்லர் முன்வைத்த ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போடத் தயங்கியபோது ஹிட்லர் கைடல் என்ற ஜெனரலைச் சத்தமாகக் கூப்பிட்டார். கைடல் வந்து உத்தரவு கேட்டபோது, ஒன்றுமில்லை, உட்காருங்கள் என்று சொல்லப்பட்டது. அவரை அழைத்ததே வந்தவரை மிரட்டத்தான். ஷுஷ்னிக் ஓயாமல் புகைப்பவர். அந்த வீட்டிலோ ஹிட்லர் முன்னால் யாரும் புகைக்கக் கூடாது. புகைக்க முடியாமல் மணிக்கணக்கில் அவர் விரல்கள் என்ன செய்தன என்பதே ஒரு நடிகருக்குப் போதுமான தீனி.

ஆதாரங்களைப் பிரிப்பது

மூன்று பத்தி உள்ள தாள் ஒன்று போடுங்கள்: பதிவில் உள்ளது, ஊகிக்கக்கூடியது, நாம் கற்பனை செய்தது. திரைக்கதையின் ஒவ்வொரு செயலும் இதில் ஒரு பத்தியில் விழ வேண்டும். கற்பனை கூடாது என்பதல்ல. எது கற்பனை என்று எழுதியவருக்குத் தெரியாமல் போவதுதான் ஆபத்து.

சாட்சியங்களைப் படிக்கும்போது, போருக்குப் பின் எழுதிய எல்லோரும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவும் எழுதினார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஹிட்லரின் கட்டடக் கலைஞராகவும் பிறகு அமைச்சராகவும் இருந்த ஆல்பர்ட் ஷ்பேயரின் நினைவுக் குறிப்புகளில் வீட்டு விவரங்கள் அபாரமாக இருக்கும். தன்னுடைய குற்றத்தைப் பற்றிய பகுதிகள் நம்பத்தக்கவை அல்ல. நாற்காலி, வாசனை, நேரம், சாப்பாடு ஆகியவற்றை அவரிடமிருந்து எடுங்கள். 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பதை எடுக்காதீர்கள். ஹிட்லரின் உணவு மேசைப் பேச்சுகள் என்று கிடைப்பவை பெரும்பாலும் பிறகு நினைவிலிருந்து விரித்தெழுதிய குறிப்புகள். அப்படியே வசனமாக வைத்தால் பாத்திரம் புத்தகம் வாசிப்பது போல ஆகிவிடும்.

ஹிட்லரின் காதலி ஏஃபா பிரவுன் எடுத்த 16 மி.மீ. வண்ணப் படச்சுருள்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒலி கிடையாது. வெயில், மொட்டைமாடி, சிரிப்பு, இரண்டு குட்டி நாய்கள் என்று எல்லாம் இனிமையாக இருக்கும். அதில் இல்லாததைப் பட்டியலிடுங்கள். முக்கிய அரசு விருந்தினர் வந்தால் ஏஃபா தன் அறைக்குப் போய்விட வேண்டும். அந்த அறையில் அவர் காத்திருக்கும் நேரத்தை எந்தச் சுருளும் காட்டாது. ஹிட்லரின் நெருங்கிய கட்சி நிர்வாகியான போர்மன் சுற்றியிருந்த நிலங்களை வாங்கி, மிரட்டி, குடும்பங்களைக் காலி செய்து வீடுகளை இடித்ததும் காட்டாது. ஹிட்லரோடு அடிக்கடி புகைப்படம் எடுக்கப்பட்ட ஒரு சிறுமியின் பாட்டி யூதர். 1938இல் அந்தத் தொடர்பு முற்றாகத் துண்டிக்கப்பட்டது. அந்தக் குழந்தைப் படங்களைத் திரையில் மறுபடி நடித்துக் காட்ட நினைப்பவர் இந்தப் பாதியையும் காட்ட வேண்டும்.

அந்தப் பழைய சுருள்களின் நிறத்தைப் போலி செய்யும் ஆசை எல்லா ஒளிப்பதிவாளருக்கும் வரும். முழுப் படத்திலும் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். நிறம் மங்கிய பழைய பிலிமைப் பார்த்தாலே பார்வையாளருக்கு ஏக்கம் வந்துவிடும். அந்த ஏக்கம் இங்கே பொய்.

குரலும் முகமும்

நடிகர் முதலில் கேட்க வேண்டியது மேடைப் பேச்சை அல்ல. 1942 ஜூன் 4 அன்று ஃபின்லாந்தில், அந்நாட்டுப் படைத்தலைவர் மன்னர்ஹெய்மின் 75ஆவது பிறந்தநாளின்போது, ரயில் பெட்டியில் ஹிட்லர் இயல்பாகப் பேசியது சுமார் 11 நிமிடம் ரகசியமாக ஒலிப்பதிவானது. தணிந்த, கனத்த குரல், நீண்ட வாக்கியங்கள், அடுத்தவர் நுழைய இடம் விடாத பேச்சு. நடிகருக்கு வேண்டியது அந்த மூச்சு. எங்கே மூச்சு வாங்குகிறார் என்று தாளில் கோடு போட்டுப் பழகட்டும். கத்தும் ஹிட்லரைப் படத்தில் ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தினால் கேலிச்சித்திரம்தான் மிஞ்சும்.

ஒப்பனையில் முகம் முழுவதும் சிலிகோன் ஒட்டாதீர்கள். மூக்கு, முடி, மீசை போதும். கன்னமும் கண்ணைச் சுற்றிய தோலும் மூடப்பட்டால் க்ளோஸ்-அப்பில் நடிப்பு செத்துவிடும். மீசையை மெல்லிய லேஸில் கையால் முடிந்து செய்ய வேண்டும். ஒரே படத்துக்குக் குறைந்தது மூன்று மீசை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பசையும் அதைக் கரைக்கும் திரவமும் லேஸின் ஓரத்தைத் தின்றுவிடும். இன்னொன்று, மூக்குக்கண்ணாடி. பொதுவெளியில் ஹிட்லர் அதை அணிந்து தோன்ற மாட்டார். அதனால் அவருக்கான தாள்கள் பெரிய எழுத்துத் தட்டச்சுப்பொறியில் அடிக்கப்பட்டன. ஆர்ட் டிபார்ட்மென்ட் சாதாரண எழுத்தில் காகிதம் தயாரித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறையும் வெளிச்சமும்

லொகேஷன் தேடிப் போக வேண்டாம். 1945 ஏப்ரல் 25 குண்டுவீச்சில் வீடு சிதைந்தது. மிச்சத்தை 1952இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். செட் போட்டே ஆக வேண்டும்.

பெரிய கூடத்தின் ராட்சதச் சன்னல் உன்டர்ஸ்பெர்க் மலையை நோக்கி, வடக்குப் பார்த்தது. பலர் தவறும் இடம் இதுதான்: அந்தச் சன்னல் வழியாகப் பொன்னிற வெயிலை அடிக்கிறார்கள். வடக்குச் சன்னலில் நேர்வெயில் அப்படி விழாது. சன்னலுக்கு வெளியே 6 x 6 மீட்டர் டிஃப்யூஷன் துணி (வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் துணி) கட்டி, பின்னாலிருந்து 5600 கெல்வின் வெளிச்சம் கொடுங்கள். உள்ளே மேசை விளக்குகள் 2800இல் இருக்கட்டும். மலைப் பின்னணி, முகத்தைவிட ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் சன்னல் வெறும் வெள்ளைச் சுவர்.

அந்தச் சன்னலை அப்படியே கீழே இறக்கிவிடலாம். கீழே கார் நிறுத்தும் இடம். காற்று திரும்பினால் கூடத்துக்குள் பெட்ரோல் வாடை வரும் என்று ஷ்பேயர் எழுதியிருக்கிறார். யாரும் மூக்கைப் பொத்தாத, வாடையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத ஒரு காட்சி, பத்து விசுவாச உறுதிமொழிகளைவிட அதிகம் சொல்லும்.

ஒரு காட்சியை எடுத்துப் பார்ப்போம்

தேநீர் இல்லம், மாலை. ஹிட்லர் நீளப் பேசிக்கொண்டே இருந்து, நடுவில் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். மற்றவர்கள் கிசுகிசுப்பாகப் பேச்சைத் தொடர்வார்கள். இதுவும் ஷ்பேயர் தரும் விவரம்தான்.

எட்டுப் பேர், வட்ட மேசை. 40 மி.மீ. லென்ஸ், கேமரா உயரம் 1.2 மீட்டர், அதாவது உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டம். கீழிருந்து எடுத்தால் அவர் பூதமாவார், மேலிருந்து எடுத்தால் பாவமாவார், இரண்டும் வேண்டாம். முதல் இரண்டு நிமிடம் அவர் குரல் மட்டும் கேட்கட்டும், கேமரா ஒரு விருந்தாளியின் கைமீது இருக்கட்டும். குரல் தேய்ந்து நிற்கிறது. கோப்பையைத் தட்டில் வைத்தால் சத்தம் கேட்கும், அதனால் கை அந்தரத்தில் நிற்கிறது. அவரைக் காட்டுவதற்கு முன் குறைந்தது 20 விநாடி பொறுங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு, நடிகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணால் பேசிக்கொள்வது. அது இன்றைய பார்வையாளருக்குத் தரும் கண்சிமிட்டல். உடனே காட்சி நையாண்டியாகிவிடும். 'பயப்படுங்கள்' என்று சொல்லிப் பயனில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் உடல் தேவையைக் கொடுங்கள்: ஒருவருக்குச் சிகரெட் வேண்டும், ஒருவருக்குக் கழிவறை போக வேண்டும், ஒருவர் காலையிலிருந்து தூங்கவில்லை, ஒருவர் ஒரு தொலைபேசி அழைப்புக்குத் திரும்ப வேண்டும். எவரும் எழுந்திருக்க முடியாது. பயம் தானே வரும்.

ஒலிக்கு, ஒவ்வோர் அறையிலும் எல்லா நடிகர்களும் இருக்கும்போதே இரண்டு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அறையில் இருக்கும் ஒலி, பதிவு செய்யுங்கள். துணி உரசலும் மூச்சும் அதில் வேண்டும். பின்னணி இசை இந்தக் காட்சியில் கூடாது. வயலின் சேர்ந்தால் தூங்கும் கிழவர்மீது இரக்கம் வரும்.

படப்பிடிப்புத் தளத்தில்

ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது தண்டனைச் சட்டம் 86அ பிரிவின்படி குற்றம். கலைக்கு விலக்கு உண்டு. விலக்கு திரைக்குத்தான், தெருவுக்கு அல்ல என்று நடந்துகொள்வது நல்லது. கைப்பட்டைகளுக்கு எண் போட்டு, காலையில் கையெழுத்து வாங்கிக் கொடுத்து மாலையில் எண்ணித் திரும்ப வாங்குங்கள். டேக் முடிந்ததும் கொடிகளை மூடுங்கள். சீருடைக்காரர்கள் சாப்பிடப் போகும்போது மேலே நீளக் கோட்டு. கைப்பேசிப் படங்களுக்கு முழுத் தடை, முதல் நாளிலிருந்தே.

படத்தொகுப்பில், ஹிட்லரின் முகம் திரையில் இருக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள். பாதிக்கு மேல் போனால் வெட்டுங்கள். வெட்ட வேண்டியது பெரும்பாலும் தனிமைக் காட்சிகள்: அவர் மட்டும் அறையில், சாட்சி யாருமில்லை, ஆதாரமும் இல்லை. மூன்று பத்தித் தாளை எடுத்துப் பார்த்தால், அவை எல்லாமே கடைசிப் பத்தியில்தான் இருக்கும்.