பெரிய வீட்டில் தொடங்கும் நாவல்: முதல் அத்தியாயத்தில் செய்யக்கூடாதவை

புதிதாக எழுதுபவர்களின் நாவல் பிரதிகள் நான்கை அண்மையில் படித்தேன். மூன்று செட்டிநாட்டு வீட்டில் தொடங்குகின்றன, மூன்றிலும் பத்து வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. சந்திப்பிழை, பெயர்க்குழப்பம் எல்லாம் நீங்களே திருத்திக்கொள்வீர்கள், அதை விடுகிறேன்.

சாமான் பட்டியல் போடுவது

பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. எல்லாம் அங்கே உண்டு. ஆனால் மூன்று பக்கம் இதையே அடுக்கிவிட்டு நாலாவது பக்கத்தில் 'அந்த வீட்டில் ஒரு ரகசியம் இருந்தது' என்று எழுதினால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. என் முதல் நாவலில் நாற்பது பக்கம் இப்படித்தான் போனது. படித்த பதிப்பாசிரியர் அதற்கு மேல் புரட்டவில்லை. திரும்ப எழுத இரண்டு வருஷம் ஆனது.

அப்புறம்தான் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒன்று, மனைவி கொண்டுவந்த சீர்ச் சாமான் அதற்குள், சாவி அந்தப் புள்ளியிடம், அதாவது அந்தத் தம்பதியிடம். ஆச்சி ஒவ்வொரு கதவையும் காட்டி இது யாருடையது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பூட்டெல்லாம் துருப்பிடித்துக் கிடந்தன, ஒன்று மட்டும் எண்ணெய் விட்டுத் துடைத்து மின்னியது. அதைக் கேட்டபோது, "அது கிடக்கட்டும் தம்பி, வாங்க, காப்பி ஆறிடும்" என்று முன்னால் நடந்துவிட்டார்.

பணமும் மறைப்பும் அந்த ஒரே பூட்டில் இருந்தன. நான் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்து வைத்திருந்தேன். பூட்டைக் காட்டுங்கள், ஆச்சி நடப்பதைக் காட்டுங்கள், ரகசியம் என்ற சொல்லை மட்டும் எழுதாதீர்கள்.

மழை இரவு, நாய் ஊளை

வேண்டாம்.

வருஷம் தெரியாத வீடு

1935 என்றால் ரங்கூன் கடையிலிருந்து பணம் வரும் வீடு. 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் பலர் நிலத்தையும் கடையையும் விட்டுவிட்டு வந்தார்கள். தூண் அதேதான், வரும்படி இல்லை. 1950இல் தொடங்கும் கதையில் முகப்பில் பந்தி நடக்கும்போதே பின்வாசல் வழியாக வெள்ளிப் பாத்திரம் விலைக்குப் போகலாம், ஏனென்றால் பல வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அந்தப் பின்வாசலில் மூட்டையோடு நிற்கும் ஆளை முதல் பக்கத்திலேயே நிறுத்துங்கள். மூட்டையை அவிழ்க்க வேண்டாம்.