முதலில் சுருதி, அப்புறம் கேள்வி: ஒரு பாடகரின் நினைவுகளைப் பதிவு செய்ய

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஐயாவுக்கு இப்போது 86 வயது. தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டே சங்கீதம் கற்றவர். அவரே எழுதி மெட்டமைத்த தமிழ்க் கீர்த்தனைகள் நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒன்றும் அச்சேறவில்லை. இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பதிவு செய்து வருகிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

காலையில் போங்கள். பசியாறி ஒரு மணி நேரம் ஆன பிறகு குரல் நன்றாக இருக்கும். கருவிக்குக் கைப்பேசியே போதும், ஆனால் பதிவுச் செயலியில் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். தம்புரா நிற்காமல் ஒலிப்பதால் அதையே இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். கூடவே ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தின் நுனியும் போய்விடும். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக வையுங்கள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிகாபைட் பிடிக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள்.

முதல் நாள் நோட்டுப் புத்தகத்தில் இருபது கேள்வி எழுதிக்கொண்டு போனேன். "எந்த வருஷம் ஐயா முதல் கச்சேரி?" "ஞாபகம் இல்லம்மா." எல்லாக் கேள்விக்கும் இதே பதில்தான். அடுத்த வாரம் எதையும் கேட்கவில்லை. சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்தேன் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). கண்ணை மூடி, "இன்னும் கொஞ்சம் இறக்கும்மா" என்றார். இறக்கினேன். மோகன ராகத்தில் ஒரு பல்லவியை எடுத்தார். அனுபல்லவி முடிந்ததும் தானாகவே சொன்னார்: "எங்க வாத்தியார் ரஜூலா கப்பல்ல ஊருக்குத் திரும்பினப்போ, பினாங்குத் துறைமுகத்துல நின்னுக்கிட்டே நான் கட்டினது இது. அப்பத்தான் பெர்மிட் இல்லாதவங்க எல்லாம் போயிக்கிட்டு இருந்தாங்க."

குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி 1969இல் வந்தது. மெட்ராஸுக்குப் போய்வந்த ரஜூலா கப்பல் 1973 வரைதான் ஓடியது. பாட்டின் காலம் கிடைத்துவிட்டது.

ஆகவே வருஷத்தைக் கேட்காதீர்கள். எங்கே நின்று கட்டினீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். தோட்டத்து ஆட்கள் காலத்தை நினைவில் வைப்பது அவசரகாலம், சுதந்திரம், பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் என்றுதான். கம்யூனிஸ்ட் கலகத்தை அடக்க பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் 1948 ஜூனில் எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் வெடித்தது. ஐயாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஊரடங்கில் சத்தம் வெளியே போகக் கூடாது என்று லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டுக்குள், கீழ்க் குரலான மந்தர ஸ்தாயியிலேயே வாத்தியார் பாடம் எடுத்தாராம். ஐயாவுடைய கீழ் ஸ்வரங்கள் இன்றும் அத்தனை அழுத்தமாக இருப்பது ஏன் என்று அன்றுதான் புரிந்தது.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், ராகம், தாளம் நான்கையும் உங்கள் குரலில் சொல்லுங்கள். சரணத்தை இரண்டு முறை பாடச் சொல்லுங்கள்; சங்கதி, அதாவது வரியைப் பாடும் விதம், மாறினால் இரண்டையும் ஸ்வரப்படுத்தி எழுதுங்கள், திருத்தாதீர்கள். கோப்புக்கு மூன்று நகல், ஒன்று வேறு வீட்டில்.

பழைய கேசட் இருந்தால் ஓட்டுவதற்கு முன் ஒரு முறை முழுதாகச் சுற்றி எடுங்கள். பின்பக்கத்துப் பிளாஸ்டிக் தாவல்களை உடைத்துவிட்டால் தவறிப்போய் மேலே பதிவாகாது. வேகத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். 6 சதவீதம் கூடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். நான் அதைப் பார்க்காமல், ஐயா கோயில் திருவிழாவில் பாடிய கேசட் ஒன்றைக் கணினியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் போட்டேன். நான்கு வரி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "இது நான் இல்லம்மா. நான் ஒன்றரைக் கட்டைக்கு மேல பாடினதே இல்ல."

சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு கட்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து வேகத்தைக் குறைத்து அரைக் கட்டை இறக்கி, முதலிலிருந்து போட்டேன். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.