வார்டுலயே எமர்ஜென்சி டிரில் நடத்துறது எப்படி

டிரில்லுக்குன்னு (அவசர கேஸ் வந்த மாதிரி நடிச்சுப் பழகுறதுக்கு) தனி ஹால் வேண்டாம், டூட்டி பாக்கிற கேஷுவால்டிலயே வைங்க, அப்பதான் மருந்து அலமாரி சாவி யார்கிட்ட இருக்கு, ஆக்சிஜன் சிலிண்டர் திறக்க ஸ்பேனர் எங்க கிடக்குன்னு தெரியும். கேஸ் நம்ம ஊருக்குத் தக்கன எடுங்க. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளக்காத ஊரா? ரப்பர் தோட்டத்துல தேனீ கொட்டி, மூச்சு இளைச்சு, பிபி எறங்கி ஒருத்தர் வாறார்னு வச்சுக்கிடுங்க, அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜி (அனாபிலாக்சிஸ்). ஸ்டாஃப் ஒருத்தரே நோயாளியா படுக்கட்டும், பொம்மை இல்லைன்னு தள்ளிப்போடாதீங்க.

ஒருத்தர் போன்ல நேரம் பாக்கணும், பெரியவங்களுக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம், தொடையோட வெளிப்பக்கம் தசையில, எத்தனாவது நிமிஷத்துல போட்டாங்கன்னு குறிக்கணும், 5 நிமிஷத்துல சரியாகலைன்னா திரும்பவும் போடச் சொன்னாங்களா, ஆளை எழுப்பி உக்கார வைக்காம படுக்க வச்சாங்களா (மூச்சு ரொம்ப முட்டினா உக்காரலாம்) அதையும் பாருங்க. முதல்ல போடவேண்டிய அட்ரினலினை விட்டுட்டு அவில் (அலர்ஜி மருந்து), டெக்சாமெத்தசோன் (ஸ்டீராய்டு)னு ஓடுறவங்கதான் அதிகம், அதைப் பிடிக்கத்தான் இந்த டிரில்லே. ஊசியை படுத்திருக்க ஆளுக்குக் குத்தவே கூடாது, ஆரஞ்சுப் பழத்துல குத்தச் சொல்லுங்க. சலைன் நிரப்பின ஆம்ப்யூல்ல (சின்ன மருந்துக் குப்பி) ‘பயிற்சிக்கு மட்டும்’னு ஒட்டி, முடிஞ்சதும் எண்ணித் திரும்ப எடுத்துருங்க, உண்மை மருந்தோட கலந்துட்டா பெரிய வம்பு.

நெசமாவே நோயாளி வந்தா அந்த நிமிஷமே நிப்பாட்டணும்.

டிரில் 10 நிமிஷம்னா, முடிஞ்சதும் அதைப் பத்தின பேச்சு 20 நிமிஷம். முதல்ல நர்சம்மாவும் அட்டெண்டரும் பேசட்டும், டாக்டர் கடைசியில. ஆளைத் திட்டாம, எது கைக்கு எட்டலைன்னு எழுதி, அன்னைக்கே அட்ரினலினை எமர்ஜென்சி டிரேல மேல்தட்டுக்கு மாத்துங்க.