முப்பரிமாண அச்சில் எடுத்த தற்காலிகக் கிரவுன் பல்லில் சரியாக உட்கார

அச்சிட்ட கிரவுன், அதாவது செதுக்கிய பல்லின் மேல் மாட்டும் உறை, முழுதாக இறங்காவிட்டால் கை உடனே பர் என்ற சுழலும் தேய்ப்பு முனையைத் தேடும். உட்புறத்தைத் தேய்க்கத் தேய்க்க அது இறங்கத்தான் செய்யும். ஆனால் சுவர் மெலிந்துவிடும், அடுத்த கிரவுனும் அதே இடத்தில்தான் தட்டி நிற்கும். எந்தப் படியில் பிழை நேர்ந்தாலும் அது கிரவுனில் தனக்கென ஓர் அடையாளத்தை விட்டுச் செல்லும். அதைப் படித்து அந்தப் படியைத் திருத்தினால் பர் பெரும்பாலும் தேவைப்படாது.

விளிம்பில் பல்லுக்கும் கிரவுனுக்கும் இடையே 120 மைக்ரானுக்கு மேல் இடைவெளி கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் எல்லை. 1971-ல் மெக்லீனும் வான் ஃப்ராவுன்ஹோஃபரும் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த எண் அது. சில வாரங்களுக்குத்தானே என்று தற்காலிகக் கிரவுனில் இதைத் தளர்த்தக் கூடாது. விளிம்பு திறந்திருந்தால் சிமென்ட் கரைந்து பல் கூசும். விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஈறு வீங்கி, நிரந்தரக் கிரவுனுக்கு அளவெடுக்கும் நாளில் ரத்தம் கசிந்து விளிம்புக் கோடு முழுவதையும் மறைத்துவிடும்.

பல்லும் ஸ்கேனும்

கத்திமுனை போல மெலிந்து முடியும் விளிம்பு அச்சில் வராது. வந்தாலும், அச்சிடும்போது தாங்கிப் பிடிக்கும் சப்போர்ட் தூண்களை வெட்டும்போது உதிரும். சுற்றிலும் 0.8 முதல் 1 மி.மீ. அகலத்தில் தெளிவான சாம்ஃபர் (பல்லைச் சுற்றிச் செதுக்கும் வளைவான படி) வேண்டும். கடிக்கும் பரப்பில் 1.5 மி.மீ. இடம் வேண்டும். கூர்மையான மூலைகளை உருட்டிவிடுங்கள். ஸ்கேன் எடுக்கும் முன் ரிட்ராக்‌ஷன் கார்டு வைத்து ஈறை ஒதுக்கி, பல்லை நன்றாக உலர்த்துங்கள். உமிழ்நீர் தேங்கிய இடம் ஸ்கேனில் வழவழப்பான சரிவாகத் தெரியும். மென்பொருள் அதைப் பல் என்றே எடுத்துக்கொள்ளும்.

வடிவமைப்பில் தர வேண்டிய எண்கள்

சிமென்ட் இடைவெளிக்கு 60 மைக்ரானில் தொடங்கலாம். அது விளிம்பிலிருந்து 1 மி.மீ. மேலே ஆரம்பிக்கட்டும், விளிம்பை ஒட்டிய பட்டையில் 10 முதல் 20 மைக்ரான் போதும். விளிம்பின் தடிமனை 0.15 மி.மீ.க்குக் குறைக்காதீர்கள்.

அதிகம் கவனிக்கப்படாத ஒரு அமைப்பு உண்டு: பர் ஆர ஈடு. கட்டியிலிருந்து கிரவுனைக் குடைந்தெடுக்கும் மில்லிங் இயந்திரத்தின் பர் நுழைய முடியாத கூர்மூலைகளை மென்பொருள் தானே அகலப்படுத்தும். அச்சுக்கு அந்த வேலை இல்லை. பழைய மில்லிங் அமைப்பை அப்படியே பயன்படுத்தினால் கிரவுன் எளிதாக இறங்கும், ஆனால் மூலைகளில் தேவையற்ற பள்ளம் விழுந்து பிடிமானம் குறையும். அதை அணைத்துவிடுங்கள்.

60 என்பது தொடக்கம்தான். பிரிண்டருக்குப் பிரிண்டர், ஒளி பட்டால் கெட்டியாகும் அச்சுத் திரவமான ரெசினுக்கு ரெசின் இது மாறும். கடினக் கல் மாவில் வார்த்த ஒரே டையை (செதுக்கிய பல்லின் மாதிரியை) ஸ்கேன் செய்து, அதே கிரவுனை 40, 60, 80 மைக்ரான் இடைவெளியில் மூன்றாக ஒரே தட்டில் அச்சிட்டு, டையில் மாட்டிப் பாருங்கள். அழுத்தாமல் விளிம்புவரை இறங்கி, ஆட்டினால் அசையாமல் நிற்பதே உங்கள் எண். டையையும் அச்சிட்டுச் சோதித்தால் இரண்டின் பிழையும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

தட்டில் வைக்கும் விதம்

பொருத்தம் பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. தொட்டியின் அடியிலிருந்து வரும் ஒளி, தான் கெட்டியாக்கும் அடுக்கோடு நிற்பதில்லை. அதைக் கடந்து மேலே, முன்பே அச்சான பகுதியின் வெற்றிடத்தில் தேங்கிய ரெசினையும் கொஞ்சம் கெட்டியாக்கும். இதுவே ஒளிக்கசிவு. கிரவுனின் வாய் மேலே உள்ள அச்சுத் தட்டைப் பார்த்திருந்தால் உட்கூரை தடித்துவிடும். விளிம்பைச் சுற்றிலும் ஒரே அளவு இடைவெளியோடு கிரவுன் உயரமாக நிற்கும். அதனால் கடிக்கும் பரப்பு தட்டின் பக்கமும், வாய் தொட்டியின் அடிப்படலத்தின் பக்கமும் இருக்கட்டும்.

நேராக வைத்தால் வாய் உறிஞ்சுகிண்ணம் போலப் படலத்தில் ஒட்டி இழுபடும், ஆகவே 30 முதல் 45 டிகிரி சாய்த்து வையுங்கள். சப்போர்ட் கடிக்கும் பரப்பிலும் வெளிச்சரிவிலும் மட்டும். உட்புறத்திலோ விளிம்பிலோ ஒன்றுகூட வரக் கூடாது. மென்பொருள் தானாக வைத்ததை நம்பாமல் சுழற்றிப் பாருங்கள். அடுக்கு 50 மைக்ரான். ரெசினில் நிறமியும் நிரப்பித் துகளும் அடியில் படியும் என்பதால், ஊற்றும் முன் பாட்டிலை நன்றாகக் குலுக்கிக் குமிழி அடங்க விடுங்கள்.

கழுவலும் கெட்டிப்படுத்தலும்

சரியாக அச்சான கிரவுன் இறங்காததற்கு முதல் சந்தேகம் இதுதான்: உள்மூலையில் தங்கிய ரெசின். பிறகு ஒளிப்பெட்டியில் அது கிரவுனின் பகுதியாகவே கெட்டிப்பட்டுவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 3 நிமிடம், பிறகு புதிய ஆல்கஹாலில் 2 நிமிடம். இடையில் மெல்லிய தூரிகையால் உள்மூலைகளைத் தேய்த்து, காற்றால் ஊதுங்கள். கிரவுனின் வாயை வெளிச்சத்தில் காட்டினால் மினுமினுப்பு எங்கும் தெரியக் கூடாது. பளபளவென்ற இடம் ரெசின், மங்கிய இடம் சுத்தம். அதற்காக அரைமணி நேரம் ஊறப்போட வேண்டாம்: மெல்லிய விளிம்பு ஆல்கஹாலை உறிஞ்சி உப்பி நெளியும்.

ஆல்கஹால் முழுதாக ஆவியான பிறகு, சப்போர்ட்டோடே ஒளிப்பெட்டியில் வையுங்கள். சப்போர்ட் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். முன்பே வெட்டினால் கெட்டிப்படும்போது வட்டம் நீள்வட்டமாகும். நேரம், வெப்பம், அலைநீளம் மூன்றையும் ரெசினின் கையேட்டில் உள்ளபடி கடைப்பிடியுங்கள்.

வாயில் பார்க்கும் வரிசை

முதலில் பக்கத்துப் பல் தொடர்பு. ஃப்ளாஸ் தடையோடு ஆனால் கிழியாமல் நுழைய வேண்டும். தொடர்பு இறுகியிருந்தால் கிரவுன் ஒரு பக்கமாகத் தூக்கி நிற்கும். இதை உட்புறக் கோளாறு என்று நினைத்துத்தான் பலர் தவறான இடத்தைத் தேய்க்கிறார்கள். ஆர்டிகுலேட்டிங் பேப்பர் வைத்துக் குறி பார்த்து, ரப்பர் சக்கரத்தால் மெல்லத் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள்.

அடுத்து, உள்ளே லைட் பாடி சிலிக்கோன் (அளவெடுக்கும் இளகிய பசை) பூசி, விரலால் அழுத்தி, இறுகிய பிறகு கழற்றுங்கள்.

ஒரு புள்ளியில் சிலிக்கோன் கிழிந்து பிளாஸ்டிக் தெரிந்தால் அங்கே ஒட்டிய ரெசின். அந்தப் புள்ளியை மட்டும் சிறு உருண்டை பர்ரால் எடுக்கலாம். கூரையில் படலமே இல்லாமல் விளிம்பில் தடித்திருந்தால் ஒளிக்கசிவு: வைக்கும் திசையையும் ஒளி நேரத்தையும் பாருங்கள். சுவர் முழுக்கப் படலம் மெலிந்திருந்தால் சுருக்கம் அல்லது குறைந்த சிமென்ட் இடைவெளி. சுவர் முழுக்கத் தடித்திருந்தால் இடைவெளி அதிகம். ஒரு பக்க விளிம்பில் மட்டும் தடிப்பு, பக்கத் தொடர்பும் சரி என்றால், ஸ்கேனில் அந்தப் பக்கம் ஈறு மறைத்திருக்கும்.

எக்ஸ்ப்ளோரர் என்ற கூர்முனைக் கருவியைப் பல்லிலிருந்து கிரவுனுக்கும், கிரவுனிலிருந்து பல்லுக்கும் இழுத்து விளிம்பைச் சோதியுங்கள். ஒரு திசையில் மட்டும் தட்டினால் அது படி: பல்லிலிருந்து போகும்போது தட்டினால் கிரவுன் நீண்டிருக்கிறது, திரும்பும்போது தட்டினால் குட்டை. இரு திசையிலும் தட்டினால் திறந்த இடைவெளி. கடி உயரத்தைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். முழுதாக இறங்காத கிரவுனின் கடியைத் தேய்த்தால் பின்னர் அது தாழ்ந்துபோகும்.

சிறிய விளிம்பு இடைவெளியை அதே அமர்விலேயே மூடலாம். உட்புற விளிம்பை 50 மைக்ரான் அலுமினாவால் குறைந்த அழுத்தத்தில் சொரசொரப்பாக்கி, ரெசினுக்குப் பொருந்தும் பிணைப்புத் திரவம் பூசி, பல்லில் கிளிசரின் ஜெல் தடவி, ஃப்ளோவபிள் காம்போசிட் என்ற இளகிய நிரப்பு ரெசினால் நிரப்பி உட்கார வையுங்கள். 2 விநாடி மட்டும் ஒளி காட்டி, கழற்றி, வெளியே முழுதாகக் கெட்டிப்படுத்துங்கள். வாயிலேயே முழுதாகக் கெட்டிப்படுத்தினால் பல்லின் உள்வெட்டில் பூட்டிக்கொள்ளும். இடைவெளி விளிம்பின் பாதிச் சுற்றுக்கு மேல் ஓடினால் மீண்டும் ஸ்கேன் எடுப்பதே நேர்மை.

ஒட்டும்போது யூஜெனால் இல்லாத தற்காலிக சிமென்ட். யூஜெனால் பின்னர் வரும் ரெசின் சிமென்ட் கெட்டிப்படுவதைத் தடுக்கும், இந்தக் கிரவுனின் உட்பரப்பையும் மென்மையாக்கும். விளிம்பை ஒட்டி உள்ளே மெல்லிய வளையமாகப் பூசினால் போதும். கிரவுனை நிறைத்தால், வெளியேற வழியில்லாத சிமென்டே அதைத் தூக்கி நிறுத்திவிடும்.